மௌனத்துக்கு நாலு காரணம்

மட்டாஞ்சேரி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சரவணனுக்கு,

இங்கே எல்லாரும் நலம். மழை பிடித்துக்கொண்டதில் பாட்டிக்கு முட்டிவலி மட்டும் கூடியிருக்கிறது. உன் வேலை விஷயம் கேட்டு அவளுக்கு ரொம்ப சந்தோஷம்.

பிரவுசரின் அக்சஸிபிலிட்டி பகுதியில் உன்னைப் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னபோது உன் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. எனக்கோ அன்றைக்கு வேறு எதிலும் மனம் ஓடவில்லை. என் மடியில் உட்கார்ந்து கீபோர்டைத் தட்டிய பையன், நான் தினமும் புழங்கும் சாமானின் உள்பக்கத்துக்கே போய்விட்டான். உனக்குக் கொடுத்த முதல் வேலை, ஸ்கிரீன் ரீடருக்காகப் பிரவுசர் கட்டும் மரம் பிடித்து வைக்கும் மெமரியைக் குறைப்பது என்றாய். கொஞ்சம் பேர்தானே பயன்படுத்துகிறார்கள், தகவலைக் குறைத்துவிட்டால் என்ன அத்தை என்றும் கேட்டாய். போனில் அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் மௌனத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். உனக்கு ஒரு பக்கம் தாமதமானால் வட்டம் சுழல்வது தெரியும், பாதிப் படம் வந்து நிற்பது தெரியும். பார்வை இல்லாத எனக்கு, ஒரு கீயைத் தட்டியபின் குரல் வரவில்லை என்றால் நாலு காரணம் இருக்கலாம். பக்கமே இன்னும் வந்து சேரவில்லை. வந்துவிட்டது, ஆனால் திரையைக் குரலில் வாசிக்கும் ஸ்கிரீன் ரீடர் கேட்பதற்குப் பதில் சொல்ல முடியாமல் பிரவுசர் திணறுகிறது. அல்லது என் ஸ்கிரீன் ரீடரான என்விடிஏ தொங்கிவிட்டது. அல்லது நான் நிற்கும் இடத்தில் படிக்க ஒன்றுமில்லை. நாலுக்கும் எனக்குக் கேட்பது ஒரே மௌனம். அரை நொடி, ஒரு நொடி பொறுப்பேன். அதற்குள் விரல் அடுத்த கீக்குப் போயிருக்கும். பிறகு தட்டியதெல்லாம் மொத்தமாக வேலை செய்து, எங்கோ நான் நினைக்காத பட்டனில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தும். அது எங்கள் கடைக்கணக்கிலிருந்து பணம் அனுப்பும் பக்கமாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். உங்கள் ஆட்கள் வேகத்தை ஒரு தலைப்பிலும் சரியாக வாசிப்பதை வேறொரு தலைப்பிலும் போட்டுப் பேசுகிறார்கள் என்று நினைக்கிறேன். எனக்கு இரண்டும் ஒரே தலைப்பில்தான் வருகிறது.

உள்ளே நடப்பது உனக்குத் தெரியும், ஆனாலும் நான் நிற்கும் பக்கத்திலிருந்து ஒருமுறை கேள். பக்கத்தின் உறுப்புகளை அடுக்கி வைக்கும் டாம் மரத்தை ஒட்டியே பிரவுசர் எங்களுக்காக இன்னொரு மரம் கட்டுகிறது. இது தலைப்பு, இது பட்டன், இது தேர்வு செய்த கட்டம் என்று அர்த்தத்தை மட்டும் சொல்லும் மரம். பக்கம் திறந்ததும் என்விடிஏ அந்த மரத்தை வேரிலிருந்து நுனிவரை நடந்து, முழுப் பக்கத்தையும் எழுத்தாக்கித் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. அந்த எழுத்தின் மேல்தான் நான் எச் தட்டித் தலைப்பு தலைப்பாகவும், கே தட்டி லிங்க் லிங்க்காகவும் போகிறேன். நடக்கும்போது ஒவ்வொரு கணுவிடமும் கேள்வி கேட்டாக வேண்டும்: உன் வகை என்ன, பெயர் என்ன, நிலை என்ன, எழுத்து என்ன, எந்த மொழி, திரையில் எந்த இடம். கணுக்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும் பக்கம் இன்று சாதாரணம். கேள்விகள் பல்லாயிரத்தைத் தாண்டும்.

ஒரு காலத்தில் இது பாரமாக இல்லை. பயர்பாக்ஸ் முழுவதும் ஒரே பிராசஸில் ஓடியது. என்விடிஏ தன் நிரலின் துண்டு ஒன்றை அந்தப் பிராசஸுக்குள்ளேயே செலுத்திவிடும். கேள்வியும் பதிலும் உள்ளுக்குள் நடக்கும் சாதாரண அழைப்புகள். பிறகு பாதுகாப்புக்காகவும், ஒரு பக்கம் விழுந்தால் மொத்தமும் விழக்கூடாது என்பதற்காகவும் பக்கங்களைத் தனித்தனிப் பிராசஸ்களுக்கு மாற்றினார்கள். 2016இல் பயர்பாக்ஸ் 48இல் அது ஆரம்பித்தபோது ஸ்கிரீன் ரீடர் வைத்திருந்தவர்களுக்கு அதைக் கொடுக்காமல் தள்ளி வைத்தார்கள். 2017 நவம்பரில் 57 வந்தது, குவாண்டம் என்று பெயர். ஊரெல்லாம் என்ன வேகம் என்று பேசிய அதே பதிப்பில் எங்களுக்கு எல்லாம் மந்தமாகிவிட்டது. எங்களைப் போன்றவர்களுக்கு, நீண்டகால ஆதரவு உள்ள 52ஆம் பதிப்பிலேயே இருப்பது நல்லது என்றார்கள். இருந்தோம். எல்லாருக்கும் கிடைத்த வேகம் எங்களிடம் மட்டும் ஏன் நின்றுபோனது என்பதுதான் நீ விளங்கிக்கொள்ள வேண்டியது.

தாத்தா கணக்கு எழுதிய பஜார் ரோட்டுப் பாண்டிகசாலை உனக்கு நினைவிருக்கும். ரோட்டைப் பார்த்து ஆபீஸ், காயலைப் பார்த்துக் கிடங்கு, நடுவில் இஞ்சி காயும் முற்றம். யாராவது வந்து விலை கேட்கும்போதெல்லாம் கிடங்குக்கு ஆள் அனுப்பி, மூட்டை எத்தனை, ஈரம் எவ்வளவு, எந்தச் சரக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வரச்சொன்னால் வியாபாரம் நடக்காது. அதனால் ஆபீஸ் மேஜையில் இருப்புப் புத்தகம். கிடங்கில் ஒரு மூட்டை நகர்ந்தால் அங்கிருப்பவன் தானே வந்து சொல்லி எழுத வைப்பான். பக்கம் வேறு பிராசஸுக்குப் போனபின் பயர்பாக்ஸ் செய்துகொண்டிருந்தது கேள்விக்கு ஒரு நடை என்ற கணக்கு. அதுவும் போனவன் திரும்பி வரும்வரை ஆபீஸ் அப்படியே நிற்கும்.

குரோம் 2008இல் பிறக்கும்போதே பல பிராசஸ்களோடு பிறந்தது. அதனால் பக்கத்தின் மரத்தை முழுவதுமாகப் பிரதான பிராசஸில் நகல் எடுத்து வைத்து, மாறியதை மட்டும் பக்கம் அனுப்பிக்கொண்டிருக்கும் ஏற்பாட்டுக்கு அது முன்பே வந்துவிட்டது. பயர்பாக்ஸில் அந்த வேலை பெரிய அளவில் பிற்பாடுதான் நடந்தது. 'கேஷ் த வேர்ல்ட்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அதில் முன்னால் நின்ற ஜேமி டே என்பவரைப் பற்றி நீ படிக்க வேண்டும். ஆஸ்திரேலியாக்காரர், பார்வை இல்லாதவர். சிறுவயதில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான இசை முகாமில் மைக்கேல் கரனைச் சந்தித்தவர். ஸ்கிரீன் ரீடர்கள் விற்ற விலையைத் தாங்க முடியாமல் 2006இல் கரன் பைத்தானில் எழுத ஆரம்பித்ததுதான் என்விடிஏ. ஜேமியும் அதில் சேர்ந்தார். பிறகு 2017இல் அவர் மொசில்லாவுக்குப் போனார். கேள்வி கேட்கும் பக்கத்தை வருஷக்கணக்காக எழுதியவர், பதில் சொல்லும் பக்கத்தை மாற்றி எழுதப் போனார். அந்த வேலை அவ்வளவு நன்றாக வந்ததற்கு எனக்குத் தெரிந்த முதல் காரணம் இது. 2023 மே 9 அன்று வந்த பயர்பாக்ஸ் 113இல் அந்தப் புது எஞ்சின் எங்கள் கைக்கு வந்தது. வெளியீட்டுக் குறிப்பில் இன்னொன்றையும் எழுதியிருந்தார்கள்: கிழக்காசிய மொழிகளைத் தட்டச்சு செய்யும் கருவிகள், அலுவலகங்களில் ஒரே பாஸ்வேர்டில் நுழைய வைக்கும் மென்பொருள்கள் ஆகியவற்றோடும் பிரவுசர் வேகமாகும் என்று. இவையும் ஸ்கிரீன் ரீடர் வரும் அதே வாசல் வழியாகத்தான் உள்ளே பார்க்கின்றன. "கொஞ்சம் பேர்தானே" என்றாயே, அந்தக் கணக்கை மறுபடி போடு.

இப்போது உன் மெமரிக்கு வருகிறேன். வேகம் வேண்டுமென்று நகல் வைத்தால் நகலுக்கு இடம் வேண்டும். கடையில் நான் உட்காரும் கணினியில் 4 ஜிபி ராம். எனக்குத் தெரிந்து ஸ்கிரீன் ரீடர் வைத்திருப்பவர்களில் பலருடைய கணினி இதைவிடப் புதியது இல்லை. வாங்கியது, யாரோ கொடுத்தது, ஆபீஸ் கழித்துவிட்டது என்று வந்தவை. பிரவுசரும் விண்டோஸும் தின்றது போக மிச்சத்தில் என்விடிஏவும் அதன் எழுத்துப் பிரதியும் இருக்க வேண்டும். இடம் போதாவிட்டால் டிஸ்க்குக்குத் தள்ளி எடுக்க ஆரம்பிக்கும், அப்போது நகல் வைத்ததன் பலனே போய் மௌனம் திரும்பி வந்துவிடும். ஆகவே மெமரியைக் குறைக்கச் சொன்ன உன் மேலாளர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். எதைக் குறைப்பது என்பதில்தான் உன் புத்தி வேலை செய்ய வேண்டும்.

தகவலை வெட்டாதே, வீணாக எழுதப்படுவதை வெட்டு. பெரும்பாலான கணுக்களுக்குப் பெரும்பாலான குணங்கள் வழக்கமானவைதான். வழக்கத்துக்கு மாறாக இருப்பதை மட்டும் எழுதி வைத்தால், எழுதாத இடத்தை வழக்கமானது என்றே எடுத்துக்கொள்ளலாம். இடக் கணக்கில் பயர்பாக்ஸ் செய்ததைப் பார். ஒவ்வொரு கணுவின் இடத்தையும் அதன் தாய்க்கணுவிலிருந்து எவ்வளவு தள்ளி என்றுதான் வைத்திருக்கிறார்கள். பக்கத்தை உருட்டினால் உருட்டிய அளவு ஒன்று மாறினால் போதும், கீழே தொங்கும் ஆயிரம் கணுக்களைத் தொட வேண்டாம். திரையில் இருக்கும் இடத்தை வைத்து முழுமுழுதாக எழுதியிருந்தால் ஒவ்வொரு உருட்டலுக்கும் ஆயிரம் செய்தி போக வேண்டியிருக்கும். பிற்பாடு இன்னொன்றும் சேர்த்தார்கள்: யார் கேட்கிறார்களோ அவர்களுக்கு வேண்டிய வகைத் தகவலை மட்டும் சேர்ப்பது. பாஸ்வேர்டு மென்பொருளுக்குப் பெயரும் வகையும் போதும், வரி எங்கே உடைகிறது என்பது வேண்டாம். ஸ்கிரீன் ரீடர் வந்து கேட்டால் அப்போது மிச்சத்தையும் சேர்க்கலாம். எனக்கு இந்த வழி மிகவும் பிடித்தது, ஏனென்றால் யாருடைய பங்கையும் குறைக்காமல் இடத்தை மிச்சம் பிடிக்கிறது.

"மொழித் தகவலை எடுத்துவிட்டால் நிறைய மிச்சமாகும்" என்று உன் குழுவில் யாரோ சொன்னதாகச் சொன்னாயே, அதற்கு மட்டும் சம்மதிக்காதே. நான் பார்க்கும் பக்கங்களை நினைத்துப் பார். விலைப்பட்டியல் இங்கிலீஷில், அரசாங்க அறிவிப்பு மலையாளத்தில், விருதுநகரிலிருந்து வரும் கடிதம் தமிழில். பல சமயம் மூன்றும் ஒரே திரையில். குரல் எந்த இடத்தில் எந்த மொழிக்கு மாற வேண்டும் என்பது பிரவுசர் ஒவ்வொரு எழுத்துத் துண்டுக்கும் சொல்லும் மொழிக் குறிப்பை நம்பித்தான் இருக்கிறது. அது போனால் இங்கிலீஷ் குரல் தமிழ் எழுத்தைப் பார்த்துத் தடுமாறும், இல்லையென்றால் தாண்டிப் போய்விடும். ஒரே மொழியில் வாழ்பவர்களுக்கு அது அலங்காரமாகத் தெரியலாம். மட்டாஞ்சேரியில் யாரும் ஒரே மொழியில் வாழ்வதில்லை. இடம் வேண்டுமென்றால், ஒரே மொழியில் இருக்கும் நீளமான பத்திக்கு அந்தக் குறிப்பைத் தாய்க்கணுவில் ஒருமுறை எழுதி, மாறும் இடத்தில் மட்டும் மறுபடி எழுதுங்கள்.

நகலில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, மெமரியைவிடப் பெரியது. கிடங்கில் மூட்டை போய்விட்டது, புத்தகத்தில் இன்னும் இருக்கிறது என்றால் இல்லாத சரக்கை விற்றுவிடுவோம். ஒரு கட்டத்தை நான் தேர்ந்தெடுத்த பிறகும் "தேர்வாகவில்லை" என்று குரல் சொன்னால் மறுபடி தட்டுவேன், தேர்வு போய்விடும். தொகை மாறியபின் பழைய தொகையைக் கேட்டால் பழையதை நம்பித்தான் கையெழுத்துப் போடுவேன். சரிபார்க்க எனக்கு வேறு கண் இல்லை. தாமதமான பதிலுக்குக் காத்திருந்துவிடலாம், தவறான பதிலை அடையாளம் கண்டுகொள்ளவே வழியில்லை. ஒரு குணத்தைச் சேமிக்க முடிவு செய்கிறாய் என்றால், அதை மாற்றக்கூடிய ஒவ்வொரு வழியையும் கண்டுபிடித்து, அங்கிருந்து மாற்றச் செய்தி கிளம்புகிறதா என்று பார்க்கும் சோதனையையும் அன்றே எழுதிவிடு.

மாற்றச் செய்திகள் என்றதும் விலை ஓடும் பக்கங்கள் ஞாபகம் வருகின்றன. மிளகு, ஏலக்காய் விலை நொடிக்கு நொடி மாறும் பக்கம் திறந்திருந்தால் ஒவ்வொரு எண்ணுக்கும் "மாறியது, மாறியது" என்று சேதி கிளம்பும். ஒரு பெரிய பட்டியலை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தால், உள்ளே இருந்த ஒவ்வொரு வரிக்கும் "போய்விட்டது" என்று தனித்தனியே சொல்லத் தேவையில்லை; தலைக்கணு போனது என்று ஒன்று சொன்னால் போதும். நல்ல பிரவுசர்கள் சேதிகளை வரிசையில் நிறுத்தி, ஒன்றை ஒன்று விழுங்கவிட்டு, மிஞ்சியதை அனுப்புகின்றன. என்விடிஏவும் தன் பக்கத்தில் வெள்ளத்துக்கு மதகு போட்டிருக்கிறது. ஆனாலும் ஊற்றிலேயே குறைப்பதுதான் மெமரிக்கும் நல்லது, என் காதுக்கும் நல்லது.

போன பிறகும் போகாத கணுக்களைப் பற்றியும் எழுத வேண்டும், உன் மெமரி பெரும்பாலும் அங்கேதான் ஒழுகும். பக்கத்திலிருந்து ஒரு துண்டு நீங்கிவிட்டது. ஸ்கிரீன் ரீடர் கையில் அதன் பிடி ஒன்று இன்னும் இருக்கிறது. எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணி, எண்ணிக்கை பூஜ்யமானால்தான் அழிக்கலாம் என்பது விதி. அதற்காக அந்தக் கணுவின் எழுத்து, குணம், பிள்ளைகள் எல்லாம் அதுவரை உயிரோடு இருக்க வேண்டியதில்லை. உள்ளே இருப்பதை உடனே காலி செய்து, "இது செத்தது" என்று பதில் சொல்லும் வெறும் கூடு ஒன்றை மட்டும் விட்டுவை. தவறு எப்போதும் பிரவுசரிடம் இல்லை என்பதும் உண்மை. என்விடிஏ பைத்தானில் இருப்பதால், ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வளையமாகக் கிடக்கும் பொருள்கள் பைத்தானின் குப்பை சேகரிப்பான் வரும்வரை நிற்கும். அது தவறான திரெட்டில் வந்து விடுவித்தால் தொங்கலும் விழுதலும் வரும். அப்படிக் கிடப்பவற்றைக் கண்டுபிடித்து லாகில் எழுத அவர்கள் தனியாக ஒரு பகுதியே வைத்திருக்கிறார்கள். என்விடிஏ கீயோடு எஃப்1 தட்டினால் லாக் திறக்கும், கண்ட்ரோல் இசட் சேர்த்துத் தட்டினால் பைத்தான் கன்சோல். உன் கணினியில் இன்றே என்விடிஏவை இறக்கிப் போடு. இலவசம்தான்.

லினக்ஸை மறந்துவிடாதே. கேரளத்து அரசுப் பள்ளிகளில் ஓடுவது அதுதான். பார்வையற்றோருக்காக இங்கேயே உருவான அக்சஸிபிள் கோக்கனட்டும் லினக்ஸ்தான். அங்கே ஓர்க்கா என்ற ஸ்கிரீன் ரீடர். பிரவுசருக்குள் துண்டு செலுத்தும் வசதி அதற்குக் கிடையாது. ஒவ்வொரு கேள்வியும் டி-பஸ் வழியாகப் போய்வர வேண்டும். விண்டோஸில் அளந்துவிட்டு வேகமாகிவிட்டது என்று அறிக்கை எழுதினால், நம் தெருவில் பள்ளிக்கூடத்துக் கணினியில் படிக்கும் பார்வை இல்லாத குழந்தைக்கு அது பொருந்தாது.

அணுகல் விஷயத்தில் சட்டமும் இப்போது எங்கள் பக்கம் வந்திருக்கிறது. ஆசிட் வீச்சில் கண் பாதிக்கப்பட்ட பிரக்யா பிரசூன், கண்ணை இமைத்துக் காட்டச் சொல்லும் கேஒய்சி முறைக்கு எதிராகப் போட்ட வழக்கில், 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் டிஜிட்டல் அணுகல் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் சேர்ந்தது என்று சொல்லிவிட்டது. அதில் உத்தரவுகள் அரசுக்கும் கேஒய்சி நடத்தும் நிறுவனங்களுக்கும்தான். ஆனால் தளம் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், ஓடிபி காலாவதியாகும் முன் அதை நிரப்ப வேண்டிய கட்டம் எங்கே இருக்கிறது என்று பிரவுசர் எனக்குச் சொல்லி முடிக்க வேண்டுமே. பணம் கட்டும் கட்டங்கள் பெரும்பாலும் வேறு தளத்திலிருந்து வந்து நடுவில் உட்காரும் ஃப்ரேம்கள். 2018இல் ஸ்பெக்டர் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபின் ஒவ்வொரு தளத்தையும் தனிப் பிராசஸில் போடும் வழக்கம் வந்ததால், நான் ஒரே பக்கம் என்று நினைத்து நடப்பது உள்ளே இரண்டு மூன்று பிராசஸ்களின் மரங்களை ஒட்டுப்போட்டது. ஒட்டுப்போட்ட இடத்தில்தான் அதிகம் தடுக்கும். சோதனைக்கு எடுக்கும் பக்கங்களில் அப்படி ஒன்றாவது இருக்கட்டும்.

நீங்கள் வேலை செய்வது குரோமியம் அடிப்படையில் என்றாய். அதே அடிப்படையில்தான் எட்ஜும் நிற்கிறது, சென்னைக்காரர்கள் செய்த உலா பிரவுசரும் நிற்கிறது. நீ சரிசெய்ததை மேலே திருப்பிக் கொடுக்க உன் நிறுவனம் அனுமதித்தால் எல்லாருக்கும் போய்ச் சேரும். அதைக் கேட்டு வை.

எனக்கு உன்னிடம் வேண்டியது இது. மாற்றத்துக்கு முன், பின் என்று இரண்டு பில்ட் அனுப்பு. கடையின் பழைய கணினியிலேயே போட்டு, நீளமான இருப்புப் பட்டியல், மும்மொழிப் பக்கம், பணம் கட்டும் பக்கம் மூன்றிலும் ஒரே கீகளை ஒரே வரிசையில் தட்டி, லாகை அப்படியே அனுப்பிவைக்கிறேன். கீ தட்டியதற்கும் குரல் வந்ததற்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்பதை அதிலிருந்து நீ எடுத்துக்கொள்ளலாம். சாயங்காலம் வரை மூடாமல் விட்டு மெமரி எவ்வளவு ஏறியது என்பதையும் எழுதுகிறேன். வாடிக்கையாளர் பெயர் தெரியும் பக்கங்களை மட்டும் அனுப்ப முடியாது. அவற்றின் அமைப்பை வைத்துப் பொய்ப் பெயர்களோடு ஒரு எச்டிஎம்எல் தயாரித்துத் தருகிறேன். சனிக்கிழமை கடை அரை நாள்தான். வெள்ளிக்கிழமைக்குள் பில்ட் வந்தால் அந்த வாரமே பார்த்துவிடலாம்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. பாட்டி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
அத்தை